பதினோரு பைகள்

புரட்டாசி பாதி போயும்
மாடியில் பத்து மணிக்கே
செருப்பில்லாமல் நிற்க முடியவில்லை.
மின்கட்டண ரசீதின் பின்பக்கம்
பதினோரு பைகளுக்குக் கட்டம் போடுகிறேன்:
முள்ளங்கி சுவரோரம்,
தக்காளி நாற்று தீபாவளி கழித்து,
காலிஃப்ளவர்...
"கடலூர்லயா?" என்று சிரிக்கிறார் பூவராகன்,
சிப்காட் இரவு ஷிப்ட் முடித்து
சட்டையில் அந்த வாடையோடு.
சரி, அடித்துவிட்டேன்.

அவரைக்குத்தான் இடம் அமையவில்லை.
போன கார்த்திகைக் காற்று
பந்தலைக் கம்பியோடு பிடுங்கி
டிரான்ஸ்ஃபார்மரில் மாட்டியது.
இருட்டில் தெருவே எங்களைத் திட்டியது.
இம்முறை
துறைமுகத்தில் எந்த எண் கூண்டு ஏறினால்
எந்தப் பையை முதலில் இறக்குவது என்றும்
ஓரத்தில் குறித்திருக்கிறேன்.

அவர் தூங்கிவிட்டார்.
எழுந்ததும் சொல்ல வேண்டும்:
அவரைக்கு, அவருடைய
சட்டை காயும் கயிறு.