இரண்டு சாவிகள்

செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் கொலுசுப் பட்டறையில்
மாலை ஆறரைக்குத் தரையைப் பெருக்குவார்கள்.
பெருக்கியதைக் கொட்டுவதில்லை.
அரத்தூள், கால்தூசி,
கை கழுவிய தண்ணீரின் வண்டல்,
மிதியடிச் சாக்கை உதறியது,
எல்லாம் ஒரு தகர டின்னுக்குள் போகும்.
மூன்று மாதத்துக்கு ஒருமுறை
தூசி வாங்குகிறவர் வந்து எடை போடுவார்.
அவர் உலையில் அந்த மண்
கொஞ்சம் வெள்ளியாகக் கண் விழிக்கும்.
டின்னின் சாவி என்னிடம்.
கணக்கு எழுதுகிறவள் நான்.

வாசலில் இன்னொரு தொட்டி. பச்சை. சக்கரம் வைத்தது.
டீக் கப், அட்டைப்பெட்டி,
வெள்ளி ஒட்டாத குப்பை மட்டும் அதற்கு.
காலையில் திறந்தால்
கோழிக்கடை இறகு.
யாரோ வீட்டில் இடித்த டைல்ஸ்.
மண்டபத்து வாழையிலைகள், ஒரு பந்தி முழுக்க.
ரசம் நன்றாக இருந்திருக்கும்,
யாருமே மிச்சம் வைக்கவில்லை.

மாநகராட்சி ஆள் அபராதம் எழுதினார்.
"தொட்டி உங்களதுதானே?"
தொட்டி எங்களதுதான்.
குப்பை எங்களதில்லை என்பதை
எந்த ரசீதில் காட்டுவது?

முதலாளி சென்னகிருஷ்ணன்
மூடியில் துளை போட்டுக் கொண்டி வைத்தார்.
பூட்டு முந்நூற்று எண்பது.
எந்தத் தலைப்பில் எழுத என்றேன்.
"பாதுகாப்பு" என்றார்.
அந்தச் சாவியும் என்னிடம்.

ஒன்று, யாரும் எடுத்துவிடக் கூடாதென்று.
மற்றது, யாரும் கொடுத்துவிடக் கூடாதென்று.
இருட்டில் தடவினால்
எது எதுவென்று தெரியாது.

முதல் இரவு, பூட்டிலேயே தொங்கியது ஒரு பை.
மறுநாள் மூடி மேல் நான்கு.
வண்டியோடு வந்த பாவாயி சொன்னாள்:
"பூட்டுனது நல்லதுதான் சாமி.
இனிமே குனிஞ்சு பொறுக்கணும், அவ்ளோதான்."

ஐந்தாம் நாள் பூட்டு அப்படியே இருந்தது.
கொண்டியைத்தான் அறுத்திருந்தார்கள்.
சுத்தியல் அடி இல்லை, நெம்பல் இல்லை,
நூல் பிடித்த மாதிரி நேரான வெட்டு.
எங்கள் மேஜைகளில் கிடக்கும்
மெல்லிய வாளுக்குத்தான் அது வரும்.

உள்ளே ஒரே ஒரு பை.
பெரியவர்களுக்குக் கட்டும் டயப்பர், ஏழோ எட்டோ.
ஒவ்வொன்றும் தனித்தனியாக
ரோஸ் காகிதத்தில் மடித்திருந்தது.
கொலுசு ஜோடியை நாங்கள் மடிக்கிற காகிதம்.
மடிப்பும் எங்கள் மடிப்பு,
மூலையை உள்ளே செருகி.

சனிக்கிழமை சம்பளம் கொடுத்தேன்.
பதினொரு கைகள் நீண்டன.
முகம் பார்க்காமல் எண்ணிக் கொடுத்தேன்.
ஒரு கையில் டெட்டால் வாசம் வந்தது.
வந்ததாக நினைத்துக்கொண்டேனோ என்னவோ.
யார் வீட்டில், எந்த ஒற்றை அறையில்,
யார் எழுந்திருக்க முடியாமல் கிடக்கிறார்களோ.
எந்த வீட்டுக்காரர்
வாசலில் இதை வைக்காதே என்றாரோ.

"கேமரா வைத்துவிடலாமா?" என்றார் முதலாளி.
செலவு அதிகமாகும் என்றேன்.
அதிகமில்லை.
பதினாறு வருடக் கணக்கில்
நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

புதுக் கொண்டி வந்தது. அதே தலைப்பில் எழுதினேன்.
பழையது அறுபட்ட இடத்துக்குக் கீழே
தரையில் கொஞ்சம் தூள் கிடந்தது.
பழக்கதோஷம்,
கையால் கூட்டி எடுத்துவிட்டேன்.
வெறும் இரும்பு.
எந்த டின்னில் போடுவதென்று தெரியாமல்
ரொம்ப நேரம் நின்றேன்.