பாயான் லெப்பாஸ்

உச்சியில் முடியை விலக்கி
பசை தடவி ஒட்டுகிறாள் நஜ்வா,
பற்பசை போலச் சில்லென்று, கொஞ்சம் சொரசொரப்பாக.
மூன்று வயர். காதுமடலில் கவ்விகள்.
ஆட்காட்டி விரலுக்கு ஒரு பிளாஸ்டிக் தொப்பி.
"தெங்கோக் சஜா, காக்."
பார்த்தால் மட்டும் போதுமாம்.

திரையில் ஒரு ஃபெரி,
பட்டர்வொர்த்துக்கு ஓடிய பழைய மஞ்சள் ஃபெரி மாதிரி.
மூளை தணிந்தால் நகரும்.
தணியாவிட்டால் நிற்கும்.

நின்றது.

நான் வேலையில் கெட்டிக்காரி.
பத்தொன்பது வருடம் நுண்ணோக்கியில் குனிந்து
முடியைவிட மெல்லிய தங்கக் கம்பி
ஒட்டியிருக்கிறதா, விட்டிருக்கிறதா என்று பார்க்கிறவள்.
ஒரு மார்ச் மாதம் சுவரில் என் படம்கூட மாட்டினார்கள்.
எனவே முயன்றேன்.
பல்லைக் கடித்துக்கொண்டு அமைதியானேன்.
ஃபெரி பின்னால் போயிற்று.

நஜ்வா சிரிக்கவில்லை,
அதற்கே கொடுக்கலாம் நூற்றெண்பது வெள்ளி.
"லெப்பாஸ்கான்," என்றாள்.
விட்டுவிடுங்கள்.

லெப்பாஸ்.
சம்பளப் படிவத்தில், விடுப்புச் சீட்டில்
எத்தனை முறை எழுதியிருப்பேன் அந்த ஊர்ப் பெயரை.
தப்பிப் பறந்த கிளி என்று அர்த்தம் சொல்வார்கள்.
கிளி போய்விட்டது.
நாங்கள் பஸ்ஸில் வந்து இறங்குகிறோம்,
ஒரு வாரம் காலை ஏழு, மறுவாரம் இரவு ஏழு.

எப்போதிருந்து தூக்கம் இல்லை என்று கேட்டார் டாக்டர்.
தேதி தெரியவில்லை.
கறுப்புத் திரைச்சீலை வாங்கி
பகல் நுழையாமல் ஓரங்களில் ஊசி குத்திய வருடம் தெரியும்.
மேல்வீட்டுப் பையனின் பந்து,
ரொட்டிக்காரனின் ஹாரன்,
எல்லாம் அடங்கிய பிறகு மண்டைக்குள்
ஒட்டியிருக்கிறதா விட்டிருக்கிறதா
ஒட்டியிருக்கிறதா
விட்டிருக்கிறதா.

ஆறாவது தடவை மூச்சு.
நிமிடத்துக்கு ஆறு.
ஒரு கோடு ஏறி இறங்க, அதன்கூட நான்.
இதயத்தின் கோடு வேறு நிறத்தில்,
கோபித்துக்கொண்ட தங்கை மாதிரி
தள்ளித் தள்ளியே நடந்து
கடைசியில் பக்கத்தில் வந்தது.
சட்டென்று திரும்பிப் பார்த்தேன்.
போய்விட்டது.

பார்ப்பதற்கே சம்பளம் வாங்குகிறவள்
பார்க்காமலிருக்க எங்கே போய்ப் படிப்பேன்?

ஒன்பதாவது தடவை பெட்டி கோளாறு.
நஜ்வா மூடியைக் கழற்றினாள்.
பச்சைப் பலகையில் சுண்டுவிரல் நகமளவு கறுப்பு,
அதன்மேல் எங்கள் கம்பெனி முத்திரை.
வருடம் பதினாறு, வாரம் நாற்பத்துமூன்று.
தீபாவளி வாரம்.
இரட்டைச் சம்பளம் என்று இரவு ஷிப்டுக்குப் போனோம்.
என் கண் பட்டதோ, ரோகிணியின் கண்ணோ,
நேபாளத்துப் பிள்ளைகள் யாருடையதோ,
யாரோ விழித்திருந்த ராத்திரி அதற்குள் இருக்கிறது.
அது எனக்குத் தூங்கச் சொல்லிக் கொடுக்கிறது.

"சிப் நல்ல சிப்," என்றேன்.
"வயரைப் பாருங்கள்."
காதுக் கவ்வியில்தான் விட்டிருந்தது.

அன்று ஃபெரி பாதிக் கடல் போனதாம்.
நஜ்வாதான் சொன்னாள்.
நான் ரோகிணியை நினைத்துக்கொண்டிருந்தேன்,
அந்த ராத்திரி முறுக்கு கொண்டு வந்தாளா இல்லையா என்று.

வீட்டில் ஃபெரி கிடையாது.
மூன்று மணிக்கு ஃபிரிட்ஜ் முனகி நிற்கும்.
மூச்சு ஆறு, சில நாள் ஒன்பது.
வரும் நாள் வருகிறது.
வராத நாளில் எழுந்து துணி மடிக்கிறேன்.

போன வியாழன் கம்பெனி பஸ்ஸில்
ஜன்னலில் தலை சாய்ந்து
கேட் தாண்டி, ஏர்போர்ட் தாண்டி
தெலுக் கும்பார் வரை போயிருக்கிறேன்.
எழுப்ப மனம் வரவில்லை என்றார் டிரைவர் பாக் மான்.

அரைமணிச் சம்பளம் வெட்டு.
காரணம் கேட்கும் கட்டத்தில்
'தீடோர்' என்று எழுதி
கையெழுத்தை நன்றாக அழுத்திப் போட்டேன்.