சுங்கச் சீட்டு

நார்வேயிலிருந்து ஏழு மாதம் கழித்து
ஒரு சுங்க பில் வந்திருக்கிறது.
வாடகைக் கார்க்காரன் மெயிலில் அனுப்பியதை
ஜெராக்ஸ் கடை ஹிதாயத் அச்செடுத்துத் தந்தான்,
பக்கம் ஐந்து ரூபாய்.

நேரமெல்லாம் போட்டிருக்கிறார்கள்.
ட்ரோன்ஹெய்ம் தாண்டி, இரவு ஒன்று பதினான்கு.
ஓட்டியவர் பெயர்: ஹபீபா நாச்சியா.
நான்தான்.
நாற்பத்தெட்டு வயதில்
சேதுக்கரை ரோட்டில், உடைமரங்களுக்கு நடுவே
எல் போர்டு மாட்டிப் பழகியவள்.

அந்த ஒன்று பதினான்குக்கு வெளிச்சம் இருந்தது.
இங்கே சுபுஹு முடிந்து
பால்காரர் மணியடிப்பாரே, அந்த வெளிச்சம்.
இவர் பக்கத்து சீட்டில் வாய் திறந்து தூங்கினார்,
மடியில் தொதல் டப்பா.

இன்னும் வடக்கே, லோஃபோட்டனில்,
ஊர் நெடுக மரச்சட்டங்கள்.
மீன்தலைகளைக் கோத்துத் தொங்கவிட்டிருந்தார்கள்.
கண்ணாடியை இறக்கினேன்,
கீழக்கரை ஜெட்டி உள்ளே வந்து உட்கார்ந்தது.
இவர் இறங்கிப்போய் ஒரு தலையைத் தட்டினார்.
கதவைத் தட்டினாற்போல் சத்தம்.
"உப்பே போடலை புள்ள, வெறும் காத்துலயே காயுது"
அன்று முழுக்க இதையே சொல்லிக்கொண்டு வந்தார்,
யாரோ தன்னை இத்தனை காலம்
ஏமாற்றிவிட்டதுபோல.

அங்கே மஃரிப் இல்லை.
சூரியன் கடல் வரைக்கும் இறங்கும்,
காலை நனைத்துப் பார்க்கும்,
வேண்டாமென்று ஏறிவிடும்.
போனில் ஆலிம்சாவிடம் கேட்டோம்.
"சூரியன் விழுகிற பக்கத்து ஊரு எதுவோ
அதோட நேரத்தை எடுத்துக்கங்க" என்றார்.
பக்கத்து ஊர்.
இவர் கீழக்கரையை எடுத்துக்கொண்டார்.
அங்கே பிற்பகல் மூன்று தாண்டும்போது
மான்கள் குறுக்கே வரும் ரோட்டின் ஓரம்
காரை நிறுத்தச் சொல்லி
அப்பா தீவுக்குப் பின்னால் இருட்டிவிட்டதென்று
துண்டை விரிப்பார்.
நான் சிரித்ததை அல்லாஹ் பொறுத்திருப்பான்.

நார்வே கடைசிதான்.
அதற்குமுன் அஜ்மீர், காலி, பினாங்கு.
குன்னூரில் ஒன்றரை நாள் பேசிக்கொள்ளவில்லை.
அதுவும் புதுசு.
சண்டையை முடிக்கிற வரைக்கும்
இவர் கூடவே இருந்தார்.
முன்னெல்லாம் பாதியில் லீவு முடிந்துவிடும்,
மிச்சத்தை மடித்துப் பீரோவில் வைப்பேன்,
அடுத்த தடவை எடுத்தால்
எதற்கென்றே நினைவிருக்காது.

இருபத்தேழு வருஷம் ஷார்ஜா.
பதின்மூன்று லீவு, தலைக்கு அறுபது நாள்,
ஒன்று மட்டும் நாற்பது,
கம்பெனி கூப்பிட்டுவிட்டது.
கூட்டினால் எழுநூற்று அறுபது.
இரண்டு வருஷமும் ஒரு மாதமும்
நாங்கள் புருஷன் பெண்டாட்டியாக இருந்தது.
ஒரே மூச்சில் ஒரு வருஷம்
ஒரே கூரைக்குக் கீழே என்றால்
அது பெரும்பாலும் கார்க் கூரைதான்.
அவர் எந்தப் பக்கம் ஒருக்களிப்பார்,
இருமலுக்கு முன் தொண்டையை எப்படிக் கனைப்பார்,
எல்லாம் கியர் மாற்றிக்கொண்டே படித்தேன்.

இன்று பில்லைக் காட்டினேன்.
கண்ணாடி போட்டுக்கொண்டு
ஒவ்வொரு நேரமாக விரல் வைத்துப் பார்த்தார்.
"நூத்தி நாலு குரோனர். கட்டிரு புள்ள,
இல்லாட்டி மறுக்கா உள்ள விடமாட்டான்."

பிறகு அந்தக் கணக்கு. அவருக்கு எழுநூற்று அறுபத்தொன்று வருகிறதாம்.
பாஸ்போர்ட் முத்திரைகளைப் பார்த்துக் கூட்டியிருக்கிறார்,
எனக்குத் தெரியாமல், எத்தனை வருஷமாகவோ.
ஒருமுறை திருச்சியில் இறங்கியது இரவு பதினொன்று ஐம்பது.
ஊர் வந்து சேரும்போது சுபுஹு பாங்கு.
அந்தப் பத்து நிமிஷத்தை
ஒரு நாளாக எழுதிவைத்திருக்கிறார்.

"வீட்டுக்கு வந்தாத்தான் கணக்கு" என்றேன்.
"இந்த மண்ணுல கால் வச்சாச்சுல்ல" என்கிறார்.
அப்படியானால் சூரியன் விழாத அந்தப் பதினோரு நாளை
ஒன்றாகச் சேர்ப்பதா, பதினொன்றாகவா என்று கேட்டேன்.

வெளியே கச்சான் காற்று,
கொடியில் அவர் சட்டை ஒரு கையைத் தூக்குகிறது.
மஃரிபுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.
பேனாவைத் தேடுகிறார்.