இரண்டு என்று எழுதியவர்கள்

ட்ரம்னாலி உள்விளையாட்டரங்கில்
இறகுப்பந்துக் கோடுகளின் மேல் மேசை போட்டு
வாக்கு எண்ணுகிறோம்.
பக்கத்து நீச்சல் குளத்தின் குளோரின்
தேநீரிலும் இறங்கியிருக்கிறது.
தடுப்புக்கு அப்பால் கட்சிக்காரர்கள்
கொக்குகளாய்க் கழுத்தை நீட்டி நிற்கிறார்கள்,
என் விரல் எந்தத் தாளில் தயங்குகிறது என்று பார்க்க.

வட அயர்லாந்தில் இது சின்ன ஊர்.
பெயரைச் சொன்னால் போதும்,
எந்தத் தேவாலயம், எந்தப் பள்ளி, எந்தக் கொடி,
எல்லாம் தெரிந்துவிடும்.
என் பெயரை இங்கே எழுதப் போவதில்லை.
எங்கள் தெருவில் நடைபாதைக் கல்லுக்கு
என்ன நிறம் பூசியிருக்கிறது என்பதையும்.

ரோவினா கீனன் பெயரில் மட்டும் குழப்பம்.
முன்பாதி ஒரு கரை, பின்பாதி மறுகரை.
மாட்டு வைத்தியர்.
பிப்ரவரி வெள்ளத்தில், ஸ்ப்ரௌல் பண்ணையில்
தலைமாறிக் கிடந்த கன்றைத்
தோள்வரை கையை விட்டுத் திருப்பி எடுத்தவள்
சட்டைகூட மாற்றாமல்
மெக்கர்க் வீட்டுப் பசுவுக்குப் போனாள்.
"இரண்டு வாசலிலும் வேறு வேறு கொடி,
இரண்டு தொழுவத்திலும் ஒரே நாற்றம்"
என்று துண்டறிக்கையில் அச்சடித்திருந்தாள்.
மத்தளம் ஆனாள்.
இரண்டுங்கெட்டான் என்றது இந்தத் தெரு.
அந்தத் தெருவும் அதையேதான் சொன்னது,
வேறு உச்சரிப்பில்.

ஐந்து இடம். ஒன்பது பேர்.
மிகப் பிடித்தவருக்கு ஒன்று,
அடுத்தவருக்கு இரண்டு, பிறகு மூன்று,
நூலில் கட்டிய பென்சிலால்.

முதல் சுற்றில் ஒன்றை மட்டும் பார்க்க வேண்டும்.
விதி அப்படி. கண் கேட்குமா?
க்ளைவ் ஸ்ப்ரௌலுக்கு ஒன்று, ரோவினாவுக்கு இரண்டு.
ஃபின்டன் மெக்கர்க்குக்கு ஒன்று, ரோவினாவுக்கு இரண்டு.
மறுபடி ஸ்ப்ரௌல். மறுபடி இரண்டு.
இழவு வீட்டில்கூடக் கைகொடுத்துக்கொள்ளாதவர்கள்
ஒரே பெண்ணின் பெயருக்கு நேரே
ஒரே எண்ணை எழுதியிருந்தார்கள்.
சிலர் அழுத்தி.
சிலர், முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோல்
மெல்லிசாக.
ஒரு தாளில் இரண்டை அடித்துவிட்டு
பக்கத்திலேயே மறுபடி இரண்டு.

நூறு நூறாய் ரப்பர் வளையம் போட்டுக் கட்டினேன்.

மூன்றாம் சுற்றில் ஒலிபெருக்கி சொன்னது:
கீனன், ரோவினா. நானூற்றுப் பன்னிரண்டு. நீக்கம்.
முந்தைய ஆளைவிடப் பதினொன்று குறைவு.
அந்த நேரம் அவள் கார் நிறுத்துமிடத்தில்
ஒரு போலீஸ்காரரின் நாய்க்குக்
காதுப் புண் பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

ஸ்ப்ரௌலும் மெக்கர்க்கும் கடைசிவரை நின்றார்கள்.
அவர்கள் கட்டுகளைப் பிரிக்க வேண்டி வரவில்லை.
அவளுடையதைத்தான் பிரித்தோம்.
இருநூற்று மூன்று தாள் அந்தப் பக்கம் போயிற்று,
நூற்றெழுபது இந்தப் பக்கம்.
முப்பத்தொன்பது எங்கும் போக மறுத்துவிட்டது.
கடைசி இரண்டு இடமும் அவற்றால்தான் நிரம்பின:
ஒன்றில் ஸ்ப்ரௌல். ஒன்றில் மெக்கர்க்.
இருவரும் மேடையில்
யாருக்கும் பணியாத ஊர் என்று பேசினார்கள்.

நள்ளிரவில் மேசை மடக்கும்போது
அவள் ஒவ்வொரு எண்ணுநரிடமும் வந்தாள்.
கையில் அயோடின் வாசனை.
"நன்றி. ஊரில் யாரைக் கேட்டாலும்
எனக்குப் போட்டேன் என்கிறார்கள்" என்றாள்.
சிரித்தாள். கிண்டல்தானா, தெரியவில்லை.
நான் காலடியில் இருந்த வெள்ளைக் கோட்டைப் பார்த்தேன்.

பொய் சொல்லவில்லை அவர்கள்.
வியாழக்கிழமை காலை
ஒன்றை எங்கள் தெருவுக்குக் கொடுத்துவிட்டு
நானும் அவளுக்குப் போட்டேன்.
ஏதோ ஒரு பிரிக்காத கட்டுக்குள்
என் இரண்டு இருக்கிறது.
நல்ல அழுத்தமாகத்தான் எழுதினேன்.