ஆறு பேருக்கு மட்டும்

சவேரி அண்ணன் மகன்தான் போனில் இறக்கித் தந்தான்.
"ஆறு பேருக்கு மேல சேராது அத்தே.
லைக்கு கெடையாது, விளம்பரம் கெடையாது."
காசிமேட்டு ஏலத்தில் கூவிக் கூவித்
தொண்டை தேய்ந்த குடும்பத்துக்குக்
குசுகுசுவென்று பேச ஓர் இடம்.

பெரிய இடத்தில் பட்டது போதும்.
அடகுக்குப் போன ரெட்டைவடச் சங்கிலிக்காக
ரோசலின் ஒருநாள் ஸ்டேட்டஸ் வைத்தாள்:
'கூடப் பொறந்ததே குழி பறிக்கும்.'
பேர் போடவில்லை.
இருநூற்றுப் பன்னிரண்டு பேர் பார்த்தார்கள்.
என்னைத் தவிர வேறு யாரையும்
ஒருத்தரும் நினைக்கவில்லை.
ஐஸ் பாக்டரி எதிரில் வண்டியை நிறுத்தி
துக்கம் விசாரிக்கிற முகத்தோடு கேட்டார்கள்.
நானும் சும்மா இல்லை, பதிலுக்கு ஒன்று வைத்தேன்.
அதை இங்கே எழுத மாட்டேன்.

ஆறு பேர் அறையில்
அண்ணன் எண்ணூர் ரோட்டிலிருந்து போடுவார்:
"மூணு மணி நேரமா இதே மஞ்ச டப்பா பின்னாடி."
அண்ணி சென்னாக்குனி விலை போடுவாள்.
பையன், பந்தாடிக் கிழிந்த முழங்கால்.
ரோசலினும் அவள் புருஷனும் ஒன்றும் போட மாட்டார்கள்.
ஆனால் ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு
எல்லாவற்றின் கீழும்
'ரோ' என்று ஓர் எழுத்து வைத்த வட்டம்
வந்து உட்காரும்.
பார்த்தாள். அவ்வளவுதான்.
ஏழு மாதம்.

அந்த நேரத்துக்கு முழித்திருக்கப் பழகினேன்.
அவளுக்கென்று சொல்லாமல்
அவளுக்கென்றே சிலதைப் போட்டேன்:
அத்தோ கடை வாழைத்தண்டு சூப்பு,
எடைமேடைக்கு அடியில் பூனை போட்ட மூன்று குட்டி,
ஒரு தடவை வெறும் கரண்ட் பில்.

கார்த்திகையில் ஒரு ராத்திரி
காற்று மாறி அந்த நாற்றம் வந்தது.
அழுகின முட்டை, நடுவில் கொஞ்சம் பெட்ரோல்.
மணலிப் பக்கமா, எண்ணூர்ப் பக்கமா,
கேட்டால் யாரும் சொல்வதில்லை.
பெரிய இடத்தில் அதற்குள் ஆயிரம் பேர் அலறினார்கள்:
பழைய வீடியோ, புது வதந்தி, கை கூப்பும் படம்.
எனக்குக் கண் எரிந்தது. எதுவும் எழுதவில்லை.

பன்னிரண்டு பத்துக்கு
மூன்று புள்ளி தோன்றியது
மறைந்தது
தோன்றியது.
"அங்கயும் நாறுதா"

அக்கா என்று போடவில்லை. யாரையும் கூப்பிடவில்லை.
அண்ணன் பார்த்தார். அண்ணி பார்த்தாள்.
பையன்கூட முழித்திருந்தான்.
ஒருத்தரும் வாய் திறக்கவில்லை,
குறுகலான சந்தில் சுவரோடு ஒட்டி நின்று
எதிரே வருகிறவருக்கு வழி விடுகிற மாதிரி.

"ஆமா. பழைய லுங்கிய நனைச்சு
கதவுக்கடியில போடு.
பாப்பாவ உள்ரூம்ல படுக்க வை."

"போட்டுட்டேன்."

நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு,
"உனக்கு வீசிங் இருக்கே"

இன்ஹேலரை விளக்கடியில் பிடித்து
எண் தெரிகிற மாதிரி படம் எடுத்து அனுப்பினேன்.
அறுபத்தெட்டு மிச்சம்.

சங்கிலி இன்னும் அடகில்தான் கிடக்கிறது.
வட்டி பத்தாம் தேதி.