பத்தொன்பதாவது கோப்பு

பெருங்குடியிலிருந்து முகுந்த் கேட்டான்:
வெற்று அறையின் சத்தம் வேண்டும்.
ரெண்டு நிமிஷம் போதும், திரும்பத் திரும்ப ஓட்டிக்கொள்வோம்.
எங்கள் கேமில் பேயே கிடையாது மேடம்.
கதவைத் திறந்தால் உள்ளே யாரும் இல்லை.
அடுத்த கதவு. அங்கேயும் இல்லை.
ஏழாவது கதவுக்குள்
விளையாடுகிறவனே ஒருத்தரைச் செய்து வைத்துக்கொள்வான்.

அறைக்கு நானூறு ரூபாய்.

கோத்தகிரியில் காலி அறைக்கா பஞ்சம்?
பூட்டிய தேயிலை ஃபேக்டரியில் இலை வாட்டும் மாடி,
மே முடிந்ததும் சாவி என்னிடம் வந்துவிடும் காட்டேஜ்கள்,
கட்டபெட்டு ரோட்டில் கேஸ் நடக்கிற கல்யாண மண்டபம்.
மைக்குக்கு என் பழைய குல்லாவை மாட்டினேன்.
மூன்றே வாரத்தில் பிடிபட்டது:
காலி என்பது ஒன்றில்லை.
தகரத்துக்குக் கீழே ஒரு காலி, ஓட்டுக்குக் கீழே ஒரு காலி.
பனிமூட்டம் ஜன்னலை ஒட்டி நின்றால்
அறை காதைப் பொத்திக்கொள்கிறது.

நாலாவது கோப்பில் யாரோ மூச்சு விடுகிறார்கள் என்றான் முகுந்த்.
நான்தான் என்றேன். மன்னிப்பும் கேட்டேன்.
மறுபடி போய் மூச்சடக்கிப் பிடித்தேன்.
இப்பவும் இருக்கு மேடம்.
மூன்றாம் தடவை
ரெக்கார்டரைத் தரையில் வைத்து, பூட்டி, இறங்கிப் போய்
பஸ் ஸ்டாண்ட் பேக்கரியில் டீயில் வர்க்கி முக்கித் தின்றேன்.
ராத்திரி ஹெட்ஃபோனில் கேட்டால்
இருந்தது.
இழுத்து, நிதானமாக,
நாளைக்கு எந்த வேலையும் இல்லாத ஒருவரின் தூக்கம்.
பயம் வரவில்லை எனக்கு.
பொறாமைதான் வந்தது.

முன்பு எட்வினும் நானும் திகில் படமாகப் பார்ப்போம்,
ஒரே ரஜாய்க்குள்.
படிக்கட்டில் நிழல் விழுந்தால் அலறுகிறவன் அவன்,
என் மணிக்கட்டில் அவன் விரல் பதிந்து கிடக்கும்.
நான் அவனுக்குக் கதையின் ஓட்டையைச் சொல்வேன்:
அந்த வீட்டைவிட்டு ஏன் அவர்கள் போகவில்லை?
சும்மா எழுந்து போகலாமே,
வாசல் திறந்துதானே இருக்கிறது.

பிப்ரவரிக்குப் பிறகு படம் பார்ப்பதில்லை.
டிவி ஓடும். அது வேறு.

நேற்று பதினைந்து முதல் இருபது வரை மொத்தமாக அனுப்பினேன்.
பதில் உடனே வந்தது:
பத்தொன்பது பிரமாதம் மேடம்!
இவ்வளவு சுத்தமாக ஆளில்லாத இடம்
எங்கே கிடைத்தது?
கடைசிக் கதவுக்கு இதையே வைக்கிறோம்.
இதற்கு மட்டும் எண்ணூறு.

பத்தொன்பது எது என்று தேடினேன்.
செவ்வாய்க்கிழமை, இரவு எட்டு பத்து.
அணைக்க மறந்து
முட்டை அட்டைக்குப் பக்கத்தில் வைத்தது.
எங்கள் ஹால்.
அன்றைக்கு எட்டரைக்குச் சாப்பிட்டோம்.
ரசம் ஊற்றட்டுமா என்றேன்.
ம் என்றான்.
ஸ்பூன் விழுந்தது, நான் குனிந்து எடுத்தேன்,
கரண்ட் பில் எவ்வளவு என்றான், சொன்னேன்.
எல்லாம் ஞாபகம் இருக்கிறது.

கோப்பில்
ஃப்ரிட்ஜ் இருக்கிறது.
சில்வர் ஓக்கிலிருந்து சொட்டும் தண்ணீர் இருக்கிறது.
எட்டரை வந்து, போய்,
ஒன்பதும் போகிறது.
ஸ்பூன்கூட விழவில்லை.

இப்போது அதே மேஜை.
ரெக்கார்டரில் சிவப்புப் புள்ளி எரிகிறது,
ஹெட்ஃபோனை நான் கழற்றவில்லை.
எதிரே எட்வினின் உதடு அசைகிறது,
ஏதோ கேட்கிறான், கேள்வி மாதிரிதான் புருவம்.
பதில் சொல்கிறேன்.
இன்னும் சத்தமாகச் சொல்கிறேன்.
பச்சைக் கோடு படுத்தே கிடக்கிறது.

எங்கோ, காதுக்கு வெகு பக்கத்தில்,
தூங்குகிற ஒருவர்
இந்தப் பக்கமாகப் புரண்டு படுக்கிறார்.