கழிவு போக

கொடைக்கானலில் ஏழரை மணி வண்டி.
மடியில் இருபத்து மூன்று படிவங்கள்,
ஒவ்வொன்றிலும் நான்கு கட்டங்கள்.
மாணவர் கணக்கைத் தானே தொடங்குகிறாரா?
ஒரு வழி அடைபட்டால் வேறு வழி தேடுகிறாரா?
ஒன்றிலிருந்து நான்குவரை வட்டமிடுக.
நல்ல கேள்விகள்தான். நானே எழுதியவை,
திண்டுக்கல் அலுவலகத்தில், மின்விசிறிக்குக் கீழே.

பூம்பாறை நடுநிலைப் பள்ளி, ஏழாம் வகுப்பு.
ஸ்வெட்டர்களில் பூண்டு வாசனை.
ஜெசிந்தா டீச்சர் பலகையில் ஒரே ஒரு கணக்கை எழுதிவிட்டு
ஜன்னலோரம் போய் நின்றுகொண்டார்.
புதிய பாடத்திட்டம் அப்படி:
சூத்திரம் கடைசியில் வரும், வந்தால்.
அதுவரை ஆசிரியர் வாய் திறக்கக் கூடாது.
எவ்வளவு கஷ்டம் என்பது
சாக்பீஸை உருட்டிய விரல்களில் தெரிந்தது.

பச்சைப் பூண்டு அறுபது கிலோ.
காய்ந்தால் நூற்றுக்கு முப்பது எடை குறையும்.
கிலோ இருநூறு ரூபாய் என்றால்
கைக்கு வருவது எவ்வளவு?

ஐந்து நிமிடம் யாரும் எழுதவில்லை.
என் பேனா ஒன்றாம் எண்ணின் மேல் காத்திருந்தது.
குழந்தைவேல் எழுந்தான்.
"வெயில்ல காய்ஞ்சதா டீச்சர், புகை போட்டதா?
ரெண்டுக்கும் ஒரே மாதிரியா குறையும்?"
"வடுகபட்டிக்கு வண்டி வாடகை?" இது நாகஜோதி.
"தரகு?"
"சாக்குக்குக் கழிப்பாங்களே, அது?"
பலகையில் இவை எதுவும் இல்லை.
கணக்கு உடைந்துவிட்டது என்று குறித்தேன்.
பிறகு அதை அடித்தேன்.

மூன்றாவது பெஞ்சில் சஞ்சய்
அறுபதில் முப்பதைக் கழித்து
முப்பது என்று கோடு போட்டு முடித்திருந்தான்.
பக்கத்தில் இருந்தவள் அவன் நோட்டை இழுத்தாள்.
"நூறு கிலோ இருந்தாத்தான்டா முப்பது போகும்.
உன்கிட்ட நூறா இருக்கு?"
அவன் பத்துக் கட்டம் வரைந்தான்.
மூன்றில் கறுப்பு அடித்தான்.
நெடுநேரம் அதையே பார்த்தான்.
இன்னொரு பத்து வரைய ஆரம்பித்தான்.
ஜெசிந்தா டீச்சரின் கையில் சாக்பீஸ் ஒடிந்தது.
வாய் திறக்கவில்லை.

மன்னவனூர்ப் பள்ளியில் பழைய முறை.
இதே தேர்வில் அங்கே சராசரி அறுபத்தொன்று,
இங்கே ஐம்பத்தெட்டு.
கமிட்டி அந்த மூன்றைத்தான் கேட்கும்.
நான் ஒடிந்த சாக்பீஸைப் பற்றிச் சொல்ல முடியாது.

மாலையில் விடைத்தாள்களை அடுக்கினேன்.
வினோதினி, வரிசை எண் பதினெட்டு:
"42 கிலோ. 8400 ரூபாய்.
எங்க வீட்டுலயும் அறுபது கிலோதான், இதே விலைதான்.
அப்பா கொண்டுவந்தது 5100.
மிச்சத்துக்குக் கணக்கு யார்கிட்ட இருக்கும்?"
விடை சரி.
கீழே மூன்று வரி, கேட்காமல் எழுதியது.
அதற்கு எந்தக் கட்டத்தில் எத்தனை?
பொத்தானை மூடுவதுபோல் பேனாவை மூடினேன்.

திரும்பும் வண்டியில்
மூட்டைமேல் சாய்ந்திருந்தவரிடம் விசாரித்தேன்.
தரகு நூற்றுக்குப் பத்து என்றார்.
வாடகை முன்னூறு, ஏற்றி இறக்க நூற்றிருபது.
"முன்பணம் வாங்கியிருந்தா வட்டி பிடிப்பாங்க.
ஆயிரத்து நானூறுகூட ஆகும்.
நீங்க எந்த வியாபாரி, அம்மா?"
நான் கணக்கு டீச்சர் என்றேன்.
பாதிப் பொய்.

யூகலிப்டஸ் வளைவுகளில் எழுத்து நடுங்க
பதினெட்டாம் படிவத்தின் பின்பக்கம் கூட்டினேன்.
எண்ணூற்று நாற்பது, முன்னூறு,
நூற்றிருபது, ஆயிரத்து நானூறு.
மூவாயிரத்து முன்னூறிலிருந்து கழித்தேன்.
மறுபடி கழித்தேன்.
வேறு வழியில், பத்துக் கட்டம் வரைந்தும் பார்த்தேன்.

ஏரி வந்துவிட்டது, மஞ்சுக்குள் விளக்குகள்.
அறுநூற்று நாற்பது இடிக்கிறது.
முன்பக்கம் இன்னும் வட்டமிடவில்லை.